ஆரத்தி எடுக்காத தேர்தல்

எங்கள் வீட்டில் இரண்டு செயலாளர்கள். என் கணவர் ஒரு கட்சியின் கிளைச் செயலாளர். நான் ஊர் மகளிர் குழுவின் செயலாளர். அவர் பதவிக்கு வந்து பதினெட்டு வருடம், நான் வந்து ஆறு வருடம். வெளியூர் ஆள் யாராவது வந்து "செயலாளர் வீடு எது?" என்று கேட்டால் முன்பெல்லாம் யோசிக்காமல் அவரைக் காட்டுவார்கள். கடந்த நாடாளுமன்றத் தேர்தலுக்குப் பிறகு "எந்தச் செயலாளர்?" என்று திருப்பிக் கேட்கிறார்கள். அவருக்கு இது பிடிப்பதில்லை.

மாரியூரிலிருந்து சாயல்குடி போகிற வழியில் இருக்கிறது எங்கள் ஊர். வீட்டு வாசலில் நின்றால் கடல் இரைச்சல் கேட்கும். குடிக்கிற தண்ணீர்தான் இரண்டு கிலோமீட்டர் தள்ளி, மணலில் தோண்டிய ஊற்றில் இருக்கிறது. எட்டுக் குடம் வைக்கிற தள்ளுவண்டியில் போய்க் கொட்டாங்கச்சியால் மோந்து, குடத்தை நிறைத்துத் தள்ளிக்கொண்டு வரவேண்டும். எனக்குக் கல்யாணமாகி வந்த மறுநாள் மாமியார் என் கையில் கொடுத்த முதல் சாமான் அந்த வண்டிதான். சாவிக்கொத்து பிறகுதான் வந்தது.

தேர்தலுக்கு மூன்று வருடம் முன்பு சில பேர் வந்து தெருவெல்லாம் தோண்டினார்கள். வீட்டுக்கு ஒரு குழாய் நட்டார்கள். ஒவ்வொரு குழாய்க்கும் நம்பர் எழுதி, அதன் பக்கத்தில் அந்த வீட்டுப் பெண்ணை நிற்கவைத்துப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். குழாயோடு நிற்கிற என் படம் ஏதோ ஓர் ஆபீஸ் கம்ப்யூட்டரில் இப்போதும் இருக்கும். அதில் நான் நன்றாகச் சிரித்திருப்பேன். அவர்கள் போனார்கள், தண்ணீர் வரவில்லை. மூன்று தடவை மனு எழுதிப் போட்டோம். மூன்றாவது மனுவுக்கு, "உங்கள் குறை தீர்க்கப்பட்டது" என்று என் செல்போனுக்கு ஒரு செய்தி வந்தது. அன்றும் நான் ஊற்றுக்குப் போய்விட்டு வந்து வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தேன்.

தேர்தல் அறிவித்தார்கள். ஒரு நாள் காலையில் காப்பி குடித்துக்கொண்டே என் கணவர் சொன்னார்.

"நம்ம வேட்பாளர் செவ்வாக்கிழமை வாராரு. ஒன்றியத்துட்ட அம்பது ஆரத்தித் தட்டு சொல்லிட்டேன்."

ஒன்றியம் என்றால் ஒன்றியச் செயலாளர். என் கணவருக்கு மேலே இருப்பவர். அவரை ஊரில் யாரும் முழுதாகச் சொல்வதில்லை.

"தட்டு ஏந்துறவுகட்ட கேட்டீகளா?" என்றேன்.

"அதான் இப்ப சொல்றேன்ல."

பதினெட்டு வருடமாக இப்படித்தான். அவர் எண்ணிக்கை சொல்வார், நான் ஆள் சேர்ப்பேன். மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த சிவப்புத் தண்ணீரைத் தட்டில் ஊற்றி, வெற்றிலை மேல் சூடம் கொளுத்தி, ஜீப்பில் வருகிறவர் முகத்துக்கு நேராக மூன்று சுற்று சுற்றுவோம். அவர் கும்பிடுவார். எங்களுடைய அரசியல் பங்கேற்பு அத்தோடு முடிந்துவிடும். மற்றதெல்லாம் ஆண்கள் டீக்கடையில் பார்த்துக்கொள்வார்கள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அங்கன்வாடிக் கட்டடத்தில் குழுக் கூட்டம். ஐம்பது தட்டு விஷயத்தைச் சொன்னேன். யார் யார் வீட்டில் பித்தளைத் தட்டு இருக்கிறது என்று பேச்சு நடந்துகொண்டிருந்தபோது, மூலையில் உட்கார்ந்திருந்த மதினி தொண்டையைச் செருமினார். அவர் எனக்கு ஒன்றுவிட்ட நாத்தனார் முறை. கருவேல விறகை மூட்டம் போட்டுக் கரியாக்குகிற வேலை. பல வருடப் புகையில் அவர் குரல் கரகரத்துப்போயிருக்கும். மெதுவாகப் பேசினாலும் சண்டைக்கு வருவதுபோல் இருக்கும்.

"ஆரத்தித் தண்ணி எங்கேருந்து எடுக்கோம்?" என்றார்.

"கொடத்துலேர்ந்துதான் மதினி."

"அந்தக் கொடத்த யாரு தள்ளிட்டு வந்தா?"

மதினி விரலால் எங்கள் எல்லோரையும் சுற்றிக் காட்டினார்.

"நாம ரெண்டு கிலோமீட்டர் தள்ளிட்டு வந்த தண்ணிய, அந்த ஆளு மூஞ்சிக்கு முன்னால மூணு சுத்துச் சுத்தி ரோட்டுல ஊத்துறோம். அம்பது தட்டுன்னா ஒரு கொடம் போச்சு. எதுக்குன்னு கேக்குறேன். அந்த ஆளு நம்மளுக்கு ஒரு சொம்பு தண்ணி கொண்டாந்தாரா?"

இத்தனை வருடம் ஆரத்தி எடுத்திருக்கிறேன், இப்படி ஒரு கணக்கு எனக்குத் தோன்றியதே இல்லை. எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

ஒருத்தி மட்டும், "தட்டுல ஏதாச்சும் விழும்ல?" என்றாள். நியாயமான பேச்சுதான், எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மதினி அவள் பக்கம் திரும்பி, "விழுறத வாங்கிட்டு நீ அன்னைக்கு ஊத்துக்குப் போகாம இருந்தியாத்தா?" என்றார். அவள் யோசித்துவிட்டு, "இல்ல, போனேன்" என்றாள்.

அப்போது பள்ளிவாசல் தெரு லாத்தா கையைத் தூக்கினார். அவர்கள் தெருவில் அக்காவை லாத்தா என்பார்கள், எங்களுக்கும் அவர் லாத்தாதான். லாத்தாவின் வீட்டுக்காரர் சவூதியில் இருக்கிறார். எங்கள் குழுவில் சட்டம் பேசுவது லாத்தாதான்.

"எல்லாரும் ஆரத்திய நிறுத்துங்க, சந்தோசம். எங்க தெருவுல ஆரத்தியே கிடையாதே? நாங்க எத நிறுத்துறது?"

அவர்கள் தெருவுக்கு வேட்பாளர் வந்தால் நன்னாரி சர்பத் கொடுப்பார்கள். "அப்ப சர்பத்த நிறுத்துங்க" என்றோம். லாத்தா தலையாட்டவில்லை.

"வாசலுக்கு வந்த மனுசனுக்கு ஒரு வாய் தண்ணி குடுக்காம அனுப்புனா அது குத்தம். அல்லா கேப்பான்."

இதற்குப் பிறகு அரை மணி நேரம் விவாதம். சர்க்கரை போடாமல் கொடுக்கலாம், ஐஸ் போடாமல் கொடுக்கலாம் என்று பலரும் பல யோசனை சொன்னார்கள். கடைசியில் லாத்தாவே வழி கண்டுபிடித்தார்.

"டம்ளர் குடுப்போம். வெறும் டம்ளர். வாசல்ல குழாய் இருக்கு. தண்ணிய அவுகளே பிடிச்சுக் குடிக்கட்டும்."

நான் தீர்மான நோட்டில் எழுதினேன்: எந்தக் கட்சி வேட்பாளராக இருந்தாலும், ஒரு வீட்டுக் குழாயையாவது தம் கையால் திறந்து தண்ணீர் வரவழைத்துக் காட்டினால்தான் ஆரத்தியும் சர்பத்தும். முப்பத்தொரு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். மதினி கையெழுத்துப் போடத் தெரிந்தும் கைநாட்டு வைத்தார். அதுதான் அழுத்தமாக விழும் என்றார்.

வீட்டுக்கு வந்து நோட்டை என் கணவரிடம் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்தார்.

"எந்தக் கட்சியா இருந்தாலும்னா... நம்ம கட்சியுமா?"

"எந்தக் கட்சியா இருந்தாலும்னா எந்தக் கட்சியா இருந்தாலுந்தான்."

"நீ செயலாளர் பொண்டாட்டி. அத மறந்துறாத."

"நீங்களும் செயலாளர் புருசன்தான்."

அவர் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு விருட்டென்று வெளியே போனார். கண்ணாடியை மறந்துவிட்டதால் ஐந்தாவது நிமிடம் திரும்பி வந்து, மீதிக் காப்பியையும் குடித்துவிட்டு மறுபடி கோபமாகப் போனார்.

திங்கட்கிழமை எதிர்க்கட்சி வேட்பாளர் வந்தார். ஒலிபெருக்கியில் "தாய்மார்களே!" என்று கூப்பிட்டுக்கொண்டே ஜீப் தெருவுக்குள் நுழைந்தது. ஒரு தாய்மாரும் இல்லை. எல்லோரும் வீட்டுக்குள் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். வெளியே நாலைந்து ஆடுகள் மட்டும் குழாய்களில் கட்டிக் கிடந்தன. வேட்பாளர் பழக்கதோஷத்தில் ஆடுகளைப் பார்த்தும் கும்பிட்டார். பள்ளிவாசல் தெருவில் லாத்தாவின் மகள் தட்டில் வைத்து வெறும் டம்ளரை நீட்டினாளாம். அவர் வாங்கிக் கவிழ்த்துப் பார்த்து, அடியிலும் பார்த்து, "நன்றிம்மா" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாராம். குழாய் விஷயம் அவருக்குப் புரியவே இல்லை.

என் கணவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஊர் ஊராகப் போன் போட்டார். "எங்கூர்ல அவுகளுக்கு ஒரு தட்டுகூடக் கிடையாதுண்ணே! பொம்பளைகளே ஒதுக்கிட்டாக!" எல்லாம் பேசி முடித்து என்னைப் பார்த்தபோது, "நாளைக்குச் செவ்வாக்கிழமை" என்று ஞாபகப்படுத்தினேன். முகம் சுருங்கிப்போனது.

ஆனால் அவரும் பதினெட்டு வருடச் செயலாளர், சும்மா இருப்பாரா? மறுநாள் காலை பத்து மணிக்கு ஒரு வேன் வந்து நின்றது. பக்கத்து ஊரிலிருந்து இருபது பெண்களைத் தட்டோடு கூட்டிவந்திருந்தார். நாங்கள் மதினி வீட்டு வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். வேனிலிருந்து முதலில் இறங்கியவள் என் சித்தி மகள்.

"என்னக்கா, இங்கன இம்புட்டுப் பேரு சும்மா நிக்கிறீக, எங்களைய எதுக்குக் கூட்டியாந்தாக?"

சொன்னேன். அவள் வேனுக்குள் திரும்பிப் பார்த்து, "ஏத்தா, எல்லாரும் தட்ட வச்சிட்டு எறங்குங்க. நம்ம ஊர்க் குழாயும் இதே கதிதானே?" என்றாள். இருபது தட்டும் வேன் சீட்டிலேயே இருந்துவிட்டன. இருபது பேரும் வந்து எங்களோடு நின்றுகொண்டார்கள். என் கணவர் வேன் டிரைவரைப் பார்த்தார். டிரைவர், "எனக்கு வாடகைதாண்ணே பேச்சு" என்றார்.

தூரத்தில் ஒலிபெருக்கிச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. வேறு வழியில்லை. என் கணவரும் கட்சிக்காரர்கள் நாலு பேரும் தட்டை எடுத்தார்கள். வாளியில் மஞ்சள் பொடியைக் கொட்டிக் கலக்கினார்கள். சுண்ணாம்பு அளவுதான் தெரியவில்லை. என் கணவர் எங்கள் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தி, "இதுக்கு எம்புட்டு சுண்ணாம்பு?" என்று கேட்டார். சொல்லலாம் என்றுதான் எனக்கு வாய் வந்தது. லாத்தா என் கையைப் பிடித்து, "சொன்னா ஆரத்திக்கு உதவி செஞ்ச கணக்காயிரும்" என்றார். சட்டம் சட்டம்தான். வாயை மூடிக்கொண்டேன். அவர் டப்பாவில் இருந்த சுண்ணாம்பு முழுவதையும் கவிழ்த்தார். தண்ணீர் ரத்தச் சிவப்பாக மாறியது. அதைப் பார்த்து அவருக்கே திருப்தி.

ஜீப் வந்து நின்றது. ஐந்து ஆண்கள் தட்டோடு முன்னால் போனார்கள். பெண்கள் ஐம்பது பேரும் கையைக் கட்டி ஓரமாக நிற்க, மீசை வைத்த ஐந்து பேர் ஆரத்தி எடுப்பதைப் பார்த்து வேட்பாளர் கும்பிட்ட கையோடு அப்படியே நின்றுவிட்டார். பின்னால் நின்ற ஒன்றியத்தின் முகம் போன போக்கைச் சொல்ல முடியாது. கடல் காற்றில் சூடம் ஒன்றுகூட எரியவில்லை. இரண்டு பேர் வலமாகச் சுற்ற, மூன்று பேர் இடமாகச் சுற்ற, நடுவில் தட்டும் தட்டும் இடித்து, "ஏலே, நீ இந்தப் பக்கம் சுத்துலே" என்று சண்டை வேறு. எங்களில் யாரும் சிரிக்கக்கூடாது என்று பேசிவைத்திருந்தோம். என் சித்தி மகள் முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள்.

எப்படியோ மூன்று சுற்றை முடித்தார்கள். முடித்ததும் தட்டுத் தண்ணீரைத் தொட்டு நெற்றியில் பொட்டு வைக்கவேண்டும். அது என் கணவருக்கு ஞாபகம் இருந்தது. மூன்று விரலையும் முக்கி எடுத்து வேட்பாளர் நெற்றியில் தாராளமாக இழுத்துவிட்டார்.

கொஞ்ச நேரம் வேட்பாளர் பேசினார். "அன்பான தாய்மார்களே, நான் உங்கள் வீட்டுப் பிள்ளை" என்று ஆரம்பித்தவர் நிறுத்தி நெற்றியைத் தடவினார். மறுபடி, "உங்கள் வீட்டுப் பிள்ளை" என்றார். மறுபடி தடவினார். பிறகு மைக்கிலேயே, "என்னய்யா வச்சிருக்கீங்க, எரியுதே!" என்றார். ஊர் முழுக்கக் கேட்டது.

"தண்ணி! தண்ணி கொண்டாங்கய்யா!"

ஜீப்பில் பாட்டில் இருந்ததோ தீர்ந்துவிட்டதோ, யாரும் நீட்டவில்லை. அவர் தானாகவே குதித்து இறங்கினார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பக்கத்தில் எது குழாய் என்று பார்த்தார். மதினி வீட்டுக் குழாய் எதிரிலேயே நின்றது. நாங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரே போய், அவர் கையாலேயே திறந்தார்.

புஸ் என்று ஒரு சத்தம். அதன்பிறகு சாரை சாரையாகக் கறுப்பு எறும்பு வெளியே வந்தது.

அவர் இன்னும் திருகினார். அடுத்த வீட்டுக் குழாய்க்கு ஓடினார். அங்கே புஸ்கூட இல்லை. மூன்றாவது குழாயில் ஆடு ஒன்று கட்டியிருந்தது, அது அவரை விடவில்லை. நெற்றி சிவந்துபோய் என் கணவரிடம் திரும்பினார்.

"என்னய்யா இது, எதுலயுமே வரல?"

ஒன்றியம் பின்னால் நின்று கண்ணைக் காட்டிக்கொண்டிருந்தார். ரிப்பேர், கரண்டு இல்லை, நாளைக்கு வரும் என்று எதையாவது சொல்லியிருக்கலாம். என் கணவர் ஒரு தடவை என்னைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

"மூணு வருசமா வரலங்கய்யா."

அவர் மேடை ஏறிப் பேசியதையெல்லாம் நான் கேட்டிருக்கிறேன். அந்த மூன்று வார்த்தைக்குத்தான் எனக்குக் கண் கலங்கியது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்ததில் எது எது என்று எனக்கே தெரியவில்லை.

மதினி உள்ளே போய் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்தார். "கண்ண மூடுங்க தம்பி" என்று சொல்லி, பிள்ளைக்குக் குளிப்பாட்டுவதுபோல் அவர் நெற்றியை நன்றாகக் கழுவி, தன் முந்தானையால் துடைத்துவிட்டார். வேட்பாளர் அங்கேயே தள்ளுவண்டி விளிம்பில் உட்கார்ந்தார். மைக் இல்லாமல் பேசினார். இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எத்தனை நடை, எவ்வளவு நேரம் என்றெல்லாம் கேட்டார். உண்மையாகவே கேட்டதுபோல்தான் இருந்தது.

"நான் ஜெயிச்சு வந்தா இத மொத வேலையா..." என்று ஆரம்பித்தார்.

மதினி குறுக்கே விழுந்தார். "ஜெயிக்காட்டி என்ன செய்வீக, அதையும் சொல்லுங்க. தோத்தவருக்கும் வாய் இருக்குல்ல?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். ஜெயித்தாலும் தோற்றாலும் கேட்பேன் என்றார். நான் நோட்டை நீட்டி, "அத அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுருங்கய்யா" என்றேன். ஒன்றியம் "அதெல்லாம் எதுக்கும்மா" என்று வந்தார். வேட்பாளர் நோட்டை வாங்கி எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

அன்று சாயங்காலம் ஒன்றியம் போனில் என் கணவரைப் பிடித்த பிடி எனக்கு அடுப்படி வரைக்கும் கேட்டது. பதவி போய்விட்டது என்றே நினைத்தோம். ஆனால் அதற்குள் வேட்பாளர் குழாயடியில் நிற்கிற படம் எல்லோருடைய செல்போனிலும் சுற்ற ஆரம்பித்திருந்தது. கட்சிக்காரர்களே அதை, "மக்கள் குறையை நேரில் கண்டறியும் வேட்பாளர்" என்று எழுதி அனுப்பினார்கள். மறுநாள் ஒன்றியமே கூப்பிட்டு, "நல்லா பிளான் பண்ணிருக்கய்யா" என்றாராம். என் கணவர், "ஏதோ நம்மளால முடிஞ்சதுண்ணே" என்று அடக்கமாகச் சொன்னதை நான் என் காதால் கேட்டேன்.

விஷயம் பரவிவிட்டது. அடுத்து வந்த இன்னொரு கட்சி வேட்பாளர் ஜீப்பை விட்டு இறங்கியதும் நேராகக் குழாய்க்குத்தான் போனார். கூடவே ஒரு போட்டோக்காரர். திறந்துபார்த்து, "அடடா!" என்றார். படம் சரியாக விழவில்லை என்று இரண்டாவது தடவையும் "அடடா!" என்றார். நோட்டில் அவரும் கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை வந்துபோன வேட்பாளரும் ஆள் அனுப்பி நோட்டைக் கேட்டார். நோட்டு வராது, அவர்தான் வரவேண்டும் என்று சொன்னோம். வந்தார்.

ஓட்டுப் போடுகிற அன்று காலையில் ஏழு மணிக்கே பள்ளிக்கூடத்தில் பெண்கள் வரிசை கேட்டைத் தாண்டி நின்றது. பாதிப் பேர் ஊற்றுக்குப் போய்விட்டு வண்டியோடு அப்படியே வந்திருந்தார்கள். லாத்தா எனக்கு முன்னால், மதினி எனக்குப் பின்னால். உள்ளே போகிற வரைக்கும் மதினி தேர்தல் ஆபீசர்களுக்கு யார் சாப்பாடு கொடுக்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

என் கணவர் கொஞ்சம் தள்ளி ரோட்டோரம் கட்சி மேசையில் உட்கார்ந்து சீட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தேர்தலிலும் மாதிரித் தாளைக் காட்டி, "இங்கன பாரு, இந்த நம்பர், இந்தச் சின்னம்" என்று விரலை வைத்துச் சொல்லித்தான் என்னை அனுப்புவார், எனக்குப் படிக்கத் தெரியாததுபோல. அன்று தாளை எடுத்தார், என் முகத்தைப் பார்த்தார், அப்படியே மடித்து வைத்துவிட்டார். "வெயில் ஏறுது, குடையப் பிடிச்சுக்க" என்றார். யாருக்குப் போட்டேன் என்று இன்றுவரை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. எனக்கே அன்று உள்ளே போய் நின்றபோது கொஞ்ச நேரம் பிடித்தது. முன்பெல்லாம் நேரம் பிடித்ததே இல்லை.

ஜெயித்தவரும் எங்கள் நோட்டில் கையெழுத்துப் போட்டவர், தோற்றவர்களும் போட்டவர்கள். அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினோம். யார் கேட்டதால் வேலை நடந்தது என்று எனக்குத் தெரியாது. கேட்டால் எல்லோரும் நான்தான் என்கிறார்கள்.

ஆடி மாதத்தில் ஓர் இன்ஜினியர் வந்தார். மெயின் ரோட்டை ஒட்டி இரண்டு பக்கமும் தோண்டச் சொன்னார். ஊரே சுற்றி நின்று பார்த்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் பெரிய குழாய் வந்திருந்தது, இந்தப் பக்கத்திலிருந்து எங்கள் குழாய் ஆரம்பித்தது. நடுவில் ஒரு ரோடு அகலத்துக்கு ஒன்றுமே இல்லை, வெறும் மண். மதினி குழிக்குள் எட்டிப் பார்த்தார். அப்புறம், "இம்புட்டுத்தானா?" என்றார். இன்ஜினியர் சின்னப் பையன். அவர் ஏதோ தான்தான் தப்புச் செய்தவர் மாதிரி, "ஆமாம்மா" என்றார்.

ஒரு வாரத்தில் தண்ணீர் வந்தது. முதலில் செம்மண் நிறத்தில், பிறகு தெளிந்து. மூன்று நாளைக்கு ஒரு தடவை, ஒரு மணி நேரம் வரும். லேசாக உப்புக் கரிக்கும். சமையலுக்குப் பரவாயில்லை, டீக்கு மட்டும் லாத்தா இன்னும் ஊற்றுத் தண்ணீர்தான் வேண்டும் என்கிறார்.

போன மாதம் கீழத்தெருவிலிருந்து இரண்டு பெண்கள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். காலேஜ் போகிற பிள்ளைகளை ஏற்றாமல் பஸ் நிற்காமலே போகிறதாம், என்ன செய்யலாம் என்று கேட்டார்கள். உட்காரச் சொல்லிவிட்டு மதினிக்கும் லாத்தாவுக்கும் போன் போட்டேன். நாங்கள் பேச ஆரம்பித்ததும் உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் கணவர் எட்டிப் பார்த்து, "நானும் வந்து உக்காரலாமா?" என்றார்.

மகளிர் குழுவில் அதற்கு விதி இல்லை என்று லாத்தா சொன்னார். என் கணவர் போய் எல்லோருக்கும் காப்பி போட்டுக்கொண்டு வந்தார். சர்க்கரை கொஞ்சம் தூக்கல்.